அரண்மனைக்காரத் தெருவும் வீட்டுமொழியும்

சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. அது ஆர்மேனியர்கள் வாழ்ந்த தெரு. ஆங்கிலத்தில் அதன் பெயர் இன்றும் ஆர்மேனியன் தெருதான். ஆர்மேனியன் என்ற சொல் நம் மக்களின் நாவில் உருண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. வாயில் நுழையாத பெயருக்குத் தெரிந்த சொல்லொன்றின் சட்டையை மாட்டிவிடுவது எல்லா மொழியினரும் செய்கிற காரியம்தான். இந்தத் தெருவில் சட்டை மிஞ்சியிருக்கிறது, அதற்குள் இருந்த ஆளைத்தான் காணோம். ஆள் எப்படிக் காணாமற் போனான் என்ற கேள்வி, மொழியைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் பல ஆறுதல்களைக் கலைத்துப் போடக்கூடியது. அதனால்தான் இதை எழுத வேண்டுமென்று தோன்றியது.

சென்னைக்கு வந்த ஆர்மேனியரில் பெரும்பாலோர் தம் பூர்வீக மண்ணிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர். பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், 1604-05 வாக்கில், அராஸ் நதிக்கரையிலிருந்த ஜூல்பா நகரத்து ஆர்மேனியர்களை வலுக்கட்டாயமாகப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தம் தலைநகரான இஸ்பஹானை ஒட்டிக் குடியமர்த்தினார். அவர்கள் புதிய குடியிருப்புக்கும் ஜூல்பா என்றே பெயரிட்டுக்கொண்டனர். ஊரை இழந்தவர்கள் ஊரின் பெயரையாவது கையோடு எடுத்துச் செல்வது உலக வழக்கம். அந்தப் புதிய ஜூல்பாவின் வணிகர்கள் பட்டையும் மணிகளையும் சுமந்துகொண்டு ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை பரவினார்கள். அந்த வலையின் முடிச்சுகளில் ஒன்று சென்னை.

இந்த வணிகனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். வீட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் ஜூல்பா வட்டார ஆர்மேனியம். தேவாலயத்திலும் நூல்களிலும் கிராபார் எனப்படும் பழைய செவ்வியல் ஆர்மேனியம். நவாபின் அலுவலகத்தில் பாரசீகம். துறைமுகத்தில் போர்த்துக்கீசியமும் ஆங்கிலமும். கடைத்தெருவில் நம் மொழிகள். எந்த மொழியும் இன்னொன்றின் நாற்காலியைப் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. கிராபார் என்றால் எழுத்துமொழி என்று பொருள். அதற்கு எதிர்நிலையான பேச்சுவழி மொழிக்கு ஆர்மேனியர் வைத்த பெயர் அஷ்கர்ஹாபார். அஷ்கர்ஹ் என்றால் உலகம். தமிழ் இலக்கணம் பயின்றவர்கள் அதை உலக வழக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்துவிடலாம். ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள இரண்டு மொழிகள் ஒரே பாகுபாட்டை ஒரே சொல்லால் குறிக்கின்றன.

கோஜா பெட்ரஸ் உஸ்கான் இந்த மரபில் வந்த பெருவணிகர். பரங்கிமலைக்குப் படிகள் கட்டியவர். 1726இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் அவர் கட்டிய பாலத்தை மர்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர் அழைத்தனர். அதுவும் மாம்பலம் என்ற பெயர் அவர்கள் வாயில் பட்ட பாடு. பாலத்தின் நினைவுக் கல்லில் ஆர்மேனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டன. 1751இல் சென்னையில் இறந்த அவருடைய உடல் வேப்பேரியில் புதைக்கப்பட்டது. இதயம் மட்டும், அவர் விருப்பப்படி, ஜூல்பாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டதாகச் சொல்வார்கள். அவர் கட்டிய பாலம் இன்றில்லை. 1960களில் அதனிடத்தில் எழுந்த புதிய பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர் சூட்டப்பட்டது. மும்மொழிக் கல்வெட்டோடு நின்ற பாலத்தின் இடத்தில் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையின் பெயர்! இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் மொழி உயிர்தான். ஒருவர் அதைப் பல மொழிகளின் நடுவில் வைத்துக் காத்தார், மற்றவர் பிற மொழிகளை விலக்கிக் காக்க முயன்றார் என்பதே வேறுபாடு.

அடுத்த தலைமுறைகள் இன்னும் மேலே போயின. 1770களின் தொடக்கத்தில் ஷஹாமிர் ஷஹாமிரியான் என்ற வணிகரின் குடும்பம் சென்னையில் ஓர் ஆர்மேனிய அச்சகத்தை நிறுவியது. 1772இல் அங்கே, விடுதலைக்கு எழும்படி ஆர்மேனிய இளைஞர்களைத் தட்டியெழுப்பும் ஒரு நூல் அச்சாயிற்று. அதே ஆண்டில்தான் இன்று நாம் காணும் ஆர்மேனியத் தேவாலயமும் அந்தத் தெருவில் எழுந்தது. பிறகு வந்தது, முகப்பில் 1773 என்று ஆண்டு பொறித்த, 'புகழின் கண்ணி' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட நூல். வருங்கால ஆர்மேனியா ஒன்றுக்கான அரசியல் சட்ட வரைவு அது; 521 பிரிவுகள் கொண்டது. ஆர்மேனியா என்ற நாடு அப்போது உலகப் படத்தில் இல்லை. இல்லாத நாட்டுக்கு, அதன் எல்லையிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நம் கறுப்பர் நகரத்துப் புழுக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சட்டம் எழுதியிருக்கிறார். அந்த நாடு குடியரசாக உலகப் படத்தில் இடம்பெற 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்டு நிலைபெற 1991 ஆயிற்று.

1794 அக்டோபரில் ஹாருத்யூன் ஷ்மவோனியான் என்ற பாதிரியார் இதே சென்னையில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகில் எங்குமே வெளிவந்த முதல் ஆர்மேனிய இதழ் அது. 1796 மார்ச்சு வரை 18 இதழ்கள் வந்தன. கப்பல் வருகையும் சரக்கு விலையும் நாட்டு நடப்பும் மரண அறிவிப்பும் அதில் இடம்பெற்றன. தமிழின் முதல் இதழ் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'தமிழ் மேகசின்' வந்தது 1831இல். ஆக, தமிழ்நாட்டின் தலைநகரில் தமிழுக்கு ஓர் இதழ் பிறப்பதற்கு 37 ஆண்டுகள் முன்பே ஆர்மேனியத்துக்கு ஓர் இதழ் பிறந்து, நடந்து, நின்றும் போயிருந்தது. ஷ்மவோனியான் 1824இல் இறந்தார். அவர் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது.

அச்சகம், தேவாலயம், இதழ், பணம், அரசியல் கனவு. ஒரு மொழி நீடிப்பதற்கு வேண்டியவை என்று நாம் மேடைகளில் அடுக்குகிற எல்லாமே சென்னை ஆர்மேனியருக்கு இருந்தன. ஆனால் வணிகத்தின் திசை மாறியபோது குடும்பங்கள் கல்கத்தாவுக்கும் கீழை நாடுகளுக்கும் நகர்ந்தன. எஞ்சியவர்கள் ஆங்கிலேயச் சமூகத்தோடு கலந்தார்கள். சென்னையில் ஆர்மேனியம் பேசும் சமூகம் என்று இன்று ஒன்றும் இல்லை. தேவாலயத்தைக் கல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் திருச்சபைக் குழு பராமரிக்கிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. 1754ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில் ஆர்மேனிய எழுத்து உண்டு. 1808இல் அதை மறுபடி வார்த்தபோது தமிழ் எழுத்தும் சேர்ந்துகொண்டது. மணியில் இரண்டு மொழிகளும் அருகருகே இருக்கின்றன. கீழே நின்று படிக்க ஒரு மொழிக்காரன்தான் மிச்சம்.

இதிலிருந்து நான் பெற்றுக்கொள்வது ஒன்றே. ஒரு மொழியைக் கொல்வது பக்கத்து மொழி அன்று. ஐந்து மொழிகளுக்கு நடுவே ஜூல்பாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் மொழியைப் பேசியே வந்தார்கள். அதேபோல, ஒரு மொழியைக் காப்பது அதற்கு நாம் செய்யும் மரியாதையும் அன்று. அரசியல் சட்டமே எழுதிவைத்த மொழியை இரண்டு மூன்று தலைமுறைகளில் அந்த ஊர் மறந்துவிட்டது. குழந்தைக்கு அந்த மொழியில் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா என்பதே கேள்வி. சண்டை போட, கடன் கேட்க, கதை கேட்க, காதலிக்க அந்த மொழி தேவைப்படுகிறவரை அது இருக்கும். அவ்வேலைகளையெல்லாம் வேறொரு மொழி முடித்துக் கொடுக்கத் தொடங்கியதும், முதல் மொழி பண்டிகை நாள் பட்டு வேட்டியாகிவிடும். அழகாக இருக்கும், பெட்டியில் இருக்கும்.

ஆர்மேனியருடைய பிற்கால வரலாறும் இதையே சொல்கிறது. 1915 இனப்படுகொலைக்குத் தப்பிய ஒட்டோமான் ஆர்மேனியர்கள் பெய்ரூத், அலெப்போ, மார்சேய், பாரிசு, அமெரிக்கா என்று சிதறினர். அவர்களுடையது மேற்கு ஆர்மேனியம். இன்றைய ஆர்மேனியக் குடியரசின் மொழி கிழக்கு ஆர்மேனியம். சோவியத் ஆட்சியில் 1922இல் எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டபோது, வெளியே இருந்தவர்கள் அதை ஏற்காமல் பழைய முறையிலேயே எழுதினார்கள். ஆக நாடு உண்டு, ஆனால் அந்த நாட்டின் மொழி வடிவம் அவர்களுடையது அன்று. பெய்ரூத்தின் பூர்ஜ் ஹம்மூது பகுதியில் பள்ளி, கடை, தேவாலயம், சமையலறை எல்லாம் ஒரே தெருவுக்குள் அடங்கியதால் அரபும் பிரெஞ்சும் பேசிக்கொண்டே அவர்கள் தம் மொழியையும் பேசினார்கள். யாரும் தடை செய்யாத பிரான்சிலும் அமெரிக்காவிலும் அது மெல்லத் தேய்ந்தது. துருக்கியில் அது அழிவை நெருங்கும் மொழிகளுள் ஒன்று என யுனெஸ்கோ 2010இல் வெளியிட்ட வரைபடம் குறித்தது.

இத்தேய்வை முன்கூட்டியே நாவலாக எழுதியவர் ஷஹான் ஷானூர். இஸ்தான்புல்லில் பிறந்து பாரிசுக்குப் போனவர். 1929இல் அவர் எழுதிய நாவலின் தலைப்பைத் 'பாட்டில்லாத பின்வாங்கல்' என்று தமிழில் சொல்லலாம். பாரிசில் ஆர்மேனிய இளைஞர்கள் ஒவ்வொருவராகத் தம் மொழியிலிருந்தும் மரபிலிருந்தும் நழுவிப்போவதே அதன் பொருள். தோற்றுப் பின்வாங்கும் படையும் பாடிக்கொண்டு போகும். நாம் பாடக்கூட இல்லாமல் போகிறோம் என்பது அத்தலைப்பின் குத்தல். பின்னாளில் ஷானூரே அர்மேன் லூபின் என்ற பெயரில் பிரெஞ்சுக் கவிஞரானார் என்பது கதையை மிஞ்சிய கதை. அதே பாரிசில் இருந்துகொண்டுதான் ஷோபாசக்தி தமிழில் எழுதுகிறார். தொராண்டோவில் இருந்து அ. முத்துலிங்கம் எழுதுகிறார். இவர்களைக் கொண்டாடும் நாம் கேட்கத் தயங்கும் கேள்வி, அந்த நகரங்களில் பிறந்த குழந்தைகள் இவர்களை எந்த மொழியில் படிப்பார்கள் என்பது.

கேள்வியைத் தமிழ்ப் பக்கமாகத் திருப்பினால் விடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. மொரீசியசின் பணத்தாளில் தமிழ் உண்டு. 1998இல் புதிய தாள்களில் தமிழ், இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டதென்று அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, அரசு அத்தாள்களையே திரும்பப் பெற்றது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பணத்தாளைக் கொடுத்துக் கடையில் தக்காளி வாங்கும் தமிழ் வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோர் பேசுவது கிரியோல். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. ஆனாலும் வீட்டில் அதிகமும் தமிழ் பேசுவதாகச் சொன்ன இந்தியர், 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 37 பேர் அளவில் இருந்து 2020இல் 27 பேர் அளவுக்கு இறங்கிவிட்டனர். மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழி இல்லை. ஆனால் 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன, தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த பிறகும் தமிழ் அங்கே தெருவில் நடமாடுகிறது. சிம்மாசனம் கிடைத்த இடத்தில் தளர்ச்சி, கரும்பலகை கிடைத்த இடத்தில் நடமாட்டம்.

இதுவரை சொன்னதைத் தமிழ் வாசகர் எவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்வார். இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் நெருடலாம்.

நான் கோபிசெட்டிபாளையத்தில் வசிப்பவன். இப்பகுதிக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். கொங்கு நாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 'ஏனுங்க', 'வாங்க போங்க' நினைவுக்கு வரும். ஆனால் இந்த மண்ணில் நெசவு செய்யும் தேவாங்கர் வீடுகளில் கன்னடம் ஒலிக்கிறது. நாயுடு வீடுகளிலும் அருந்ததியர் தெருக்களிலும் தெலுங்கு ஒலிக்கிறது. வடக்கே சத்தியமங்கலம் மலையேறினால் சோளகர்களின் மொழி, இருளர்களின் மொழி. திம்பம் தாண்டித் தாளவாடிக்குப் போனால் கன்னடவழிப் பள்ளிகளே உண்டு. இவர்களில் பலர் நூற்றாண்டுகளாக இங்கே இருப்பவர்கள். சோளகர் போன்றோரை வந்தேறிகள் என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. காடு அவர்களுடையது, மாவட்ட எல்லைதான் நம்முடையது.

வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் 'வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?' என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். முதலில் எல்லாரும் 'தமிழ்தானுங்க ஐயா' என்பார்கள். பெயரெழுதாமல் சீட்டில் எழுதித் தரச் சொன்னால் விடைகள் மாறும். யாரும் அவர்களை அடித்து மறைக்கச் சொல்லவில்லை. ஆனாலும் மறைக்க வேண்டும் என்று எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதிலும் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் வீட்டுத் தெலுங்கு குடும்பப் பெருமை. அவர் தோட்டத்தில் வேலை செய்தவர் வீட்டுத் தெலுங்கு சாதியைக் காட்டிக்கொடுத்துவிடும் அடையாளம். ஒரே மொழி, இரண்டு விதி. மொழி மறைவதில் சாதிக்கும் கூலிக்கும் உள்ள பங்கைப் பேசாமல் 'மொழிப்பற்று குறைந்துவிட்டது' என்று பொதுவாகப் புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு நெசவாளர் வீட்டு மாணவர் சொன்னது மனத்தில் தங்கிவிட்டது. அவருடைய அவ்வா, அதாவது பாட்டி, கடைசிக் காலத்தில் தமிழை முற்றிலும் மறந்து கன்னடம் மட்டும் பேசினாராம். 'பாதிதானுங்க ஐயா புரிஞ்சுது. தண்ணி கேக்கறாங்கன்னு தெரியும். மத்தபடி ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க' என்றார். அந்த 'ஏதோ'வில் என்ன இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை தமிழில் நன்றாகப் படித்தார், அதுவே வீட்டாரின் விருப்பமும். ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

'தமிழே ஆங்கிலத்திடம் அல்லாடிக்கொண்டிருக்கையில் இதெல்லாம் தேவையா?' என்று கேட்பவர்களை அறிவேன். நியாயமான அச்சம்தான். ஆனால் தமிழை மெலியவைப்பது சோளகரின் பேச்சோ தேவாங்கரின் கன்னடமோ இல்லை. மாறாக, நம் உரைநடைக்கு இவ்வீடுகள் கொடுத்த கொடை பெரிது. கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு. தெலுங்குக் குடும்பங்கள் தெற்கே வந்து குடியேறிய நினைவைத்தான் 'கோபல்ல கிராமம்' (1976) தமிழுக்குக் கொண்டுவந்தது. எம்.வி. வெங்கட்ராம் வீட்டில் சௌராஷ்டிரம். 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'காதுகள்' அவருடையது. எங்கள் பக்கத்து மலைவாழ் மக்கள் பட்ட துயரைச் சொன்ன ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) அம்மக்களைத் தமிழ் வாசகன் பார்க்கும்படி செய்தது. இரண்டு மொழி வாழும் வீட்டில் பிறந்தவனுக்கு ஒவ்வொரு சொல்லையும் சற்றே விலகி நின்று பார்க்கும் கண் கிடைத்துவிடுகிறது. இலக்கியத்துக்கு அது சாதாரண வரவன்று.

மாநாடும் தனி வாரியமும் கேட்டு இதை எழுதவில்லை. சென்னை ஆர்மேனியரிடம் அவற்றைவிடப் பெரியவையே இருந்தன. நான் கேட்பவை சிறியவை. மலைப்பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்காவது குழந்தையின் மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். தமிழ்த்துறை மாணவர்கள் சங்க இலக்கியத்துச் சொல்லடைவோடு தம் பாட்டியின் சொல்லடைவையும் ஆய்வேடாகச் சமர்ப்பிக்கத் துறைகள் இடங்கொடுக்கட்டும்; தறியின் உறுப்புகளுக்கும் காட்டுக் கிழங்குகளுக்கும் அம்மொழிகளில் இருக்கும் பெயர்கள் தமிழ் அகராதிக்கும் உதவும். கல்லூரி ஆண்டுமலரில் ஒரு பக்கம், தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட கன்னடக் கதைக்கோ சோளகப் பாட்டுக்கோ ஒதுங்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் என்ன மொழி என்று கேட்டால் பிள்ளைகள் தலைகுனியாமல் விடை சொல்லும் சூழல் வகுப்பறையில் இருக்கட்டும்.

மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழ் தேய்கிறதே என்று நாம் வருந்துகிறோம். அங்குள்ள பெரும்பான்மையினர் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. அதே நியாயத்தோடு கோபியிலும் தாளவாடியிலும் நம்மைப் பார்த்துக் கேட்க உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்கள். இங்கே பெரும்பான்மை நாம்தான். பணத்தாளில் இடம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இன்னும் எதையுமே கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதானே நம் இலக்கியம் சொல்லும் ஈகை?